புளி போட்டுத் தேய்த்த பென்னி

அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில், எங்கள் அபார்ட்மெண்டில் யாரைக் கேட்டாலும் மரகதம் சாது என்றுதான் சொல்வார்கள். நான் எதிர் வீட்டுக்காரி, எனக்குத் தெரியும். அவளுக்குக் கோபம் வராமல் இல்லை. வந்த கோபத்தை உடனே செலவழிக்க மாட்டாள், அவ்வளவுதான்.

நாமக்கல்லில் ஒரு கூட்டுறவு வங்கியில் ஏழு வருடம் கேஷியராக இருந்தவள். 2001-ல் கணவன் நஞ்சுண்டனோடு இங்கே வந்தாள். கிடைத்தது மனைவிமாருக்குத் தரும் ஹெச்-ஃபோர் விசா. வேலை பார்க்கக் கூடாது. "நான் இங்க டிபென்டன்ட்டாம். பேப்பர்லயே போட்டுட்டான்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காசு பழகிய கை சும்மா இருக்குமா? பேங்கில் பென்னி ரோல்கள், அதாவது ஒரு சென்ட் நாணயங்களை அடுக்கிய காகிதச் சுருள்கள், வாங்கிவருவாள். ஒரு ரோலில் ஐம்பது நாணயம். எவர்சில்வர் தாம்பாளத்தில் கொட்டி ஒவ்வொன்றாகப் புரட்டுவாள். பின்பக்கம் கோதுமைக் கதிர் இருந்தால் 1958-ஓ அதற்கு முந்தியதோ. அது ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் போகும். மற்றதெல்லாம் மறுபடி ரோலாகி இன்னொரு பேங்குக்குப் போகும். கோதுமைக் காசிலும் பெரும்பாலானவை காமன்தான், கடையில் கொடுத்தால் மூன்று சென்ட், நான்கு சென்ட் வரும். நஞ்சுண்டன் "ஒரு சென்ட்டுக்கு இவ்ளோ டைமா?" என்பான். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். எது தங்கும், எது போகும் என்று இந்த நாட்டில் யாரையும் கேட்காமல் அவள் முடிவு செய்துகொண்டிருந்தது அந்த ஒன்றைத்தான்.

2006 மே மாதம் ஒரு ரோலில் 1914 வந்தது. வருஷத்துக்குக் கீழே, அச்சடித்த ஊரின் அடையாளமாக, சின்னதாக ஒரு D. அவள் நம்பியிருந்த நாணயப் புத்தகத்தை அந்த வாரம் லைப்ரரியிலிருந்து வேறு யாரோ எடுத்துப்போயிருந்தார்கள். சனிக்கிழமை மரகதம் வீட்டில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்து. வெங்கடாசலம் அங்கிள் வந்திருந்தார்.

அந்த ஆளை எனக்குப் பிடிக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1979-லேயே அமெரிக்கா வந்தவர். கார் டயரிலிருந்து கிரீன் கார்டு வரை எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார், கேட்காவிட்டாலும் சொல்வார். மரகதம் போயும் போயும் அவரிடம் காசை நீட்டினாள்.

"அங்கிள், இதை வச்சுக்கலாமா?"

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் கொஞ்சம் அதிகநேரமே பார்த்தார். "ரொம்ப காமன்மா. கீப் பண்ற வொர்த் எல்லாம் இல்ல. சும்மா என்கிட்ட கிடக்கட்டும்." சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தயிர் சாதத்துக்குப் போய்விட்டார்.

பத்து நாளில் புத்தகம் திரும்பிவந்தது. 1914 D, தேய்ந்துபோன நிலையிலேயே நூறு டாலருக்கு மேல் என்று போட்டிருந்தது. மரகதம் உடனே போன் செய்தாள்.

"அந்தக் காசா? அது எங்கயோ டோல்ல போட்டாச்சும்மா" என்றார் அங்கிள்.

போனை வைத்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். "பணம் போனா போகட்டும். வச்சுக்கலாமான்னு அவரைக் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

ஆகஸ்டில் அவர் மனைவி தனபாக்கியம் ஆன்ட்டி கோயில் வாசலில் வெள்ளந்தியாக உளறிவிட்டார். அங்கிள் ஒரு பழைய காசைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருக்கிறாராம். எடிசனில் நாணயக் கண்காட்சி வருகிறதாம், அங்கே விற்கப்போகிறாராம். மரகதம் "அப்படியா ஆன்ட்டி" என்றதோடு சரி.

இரண்டு நாள் கழித்து அங்கிளே போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"மரகதம், உங்க வீட்டு விளக்கு மட்டும் எப்பவும் பளபளன்னு இருக்கே, எப்படி தேய்க்கறே? எங்கிட்ட ஒரு செம்பு சொம்பு இருக்கு. ரொம்ப கறுத்துப்போச்சு."

மரகதம் என்னைப் பார்த்தாள். அந்தப் பென்னியும் செம்புதான். நாணயப் புத்தகம் மேஜையில்தான் இருந்தது. அதன் முன்னுரையிலேயே கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள், பழைய காசை எதைக்கொண்டும் சுத்தம் செய்யாதே, செய்தால் மதிப்பே போய்விடும் என்று. மனுஷர் விலைப்பட்டியலை மட்டும் படித்திருக்கிறார். பூஜைப் பாத்திரத்தைத் தேய்த்து வைத்தே பழகிய நமக்கு, விற்கப்போகிற பொருளை அழுக்கோடு நீட்ட மனசு வருமா?

"புளிதான் அங்கிள். பழைய புளியா இருந்தா நல்லது. கொஞ்சம் கல்லுப்பு சேத்துக்குங்க. கடைசியா விபூதி போட்டு ஒரு தேய்ப்பு. ஓரம், எழுத்து இடுக்கு எல்லாம் நல்லா அழுத்தித் தேய்ங்க."

"ஸ்பாயில் ஆகாதே?"

"எங்க வீட்டு சொம்பு ஒண்ணும் ஆகலயே அங்கிள்."

ஒரு வார்த்தை பொய் இல்லை. சொம்புக்குக் கேட்டார், சொம்புக்குச் சொன்னாள்.

கண்காட்சிக்கு அவரை டிரைவ் பண்ணிக் கூட்டிப்போனது நஞ்சுண்டன். ஒன்றும் தெரியாத அப்பாவி. திரும்பிவந்து சாப்பிடும்போது கதை சொல்லியிருக்கிறான். டீலர் லென்ஸை வைத்து ஒரே ஒரு பார்வைதான் பார்த்தானாம். "க்ளீன்டு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். நாலு டேபிளிலும் அதே பதில். கடைசி ஆள் மட்டும் பாவம் பார்த்து இருபது டாலர் தருகிறேன் என்றானாம், அங்கிள் ரோஷத்தில் வாங்கவில்லை. காரில் வழியெல்லாம் வாயே திறக்கவில்லையாம். எப்படித் திறப்பார்? யாரைத் திட்டினாலும் டோலில் போட்ட காசு எப்படித் திரும்பிவந்தது என்று சொல்லவேண்டுமே.

அன்று மரகதம் ரசத்தை இரண்டு முறை ஊற்றிக்கொண்டாள்.

அடுத்த வாரம் தனபாக்கியம் ஆன்ட்டி வந்தார். "அங்கிள் குப்பைல போடச் சொன்னார். நீதான் பழசெல்லாம் சேக்கறியேன்னு எடுத்துட்டு வந்தேன்." மரகதத்தின் உள்ளங்கையில் அதை வைத்தார். ரோஜா நிறத்தில் பளிச்சென்று இருந்தது. லிங்கனின் கன்னம் மழுங்கியிருந்தது. ஆன்ட்டி போனபிறகு நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தொண்ணூறு வருஷத்துக்கு மேல் கைமாறிக் கைமாறி வந்து தன் தாம்பாளத்தில் விழுந்த காசு. தன் வாய்ச்சொல்லால்தான் இப்படி ஆயிற்று. வருத்தப்பட்டாள், மறைக்கவில்லை. "இதை வச்சுக்கறதா வேண்டாமா, தெரியலயே" என்றாள். நான் எழுந்து என் வீட்டுக்குக் கிளம்பினேன். இந்தமுறை அவள் யாரையும் கேட்கக் கூடாது.

பாட்டிலில் அது விழவில்லை. ஒரு மாதம் போல ஜன்னலோரம் கிடந்தது.

நவராத்திரி வந்தது. ஐந்து படி கொலு. அங்கிளும் ஆன்ட்டியும் வந்தார்கள். அங்கிள் சோபாவில் சாய்ந்து சுண்டலைச் சாப்பிட்டபடி யாருக்கோ வீட்டுக் கடன் வட்டி பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மரகதம் ஆன்ட்டிக்குக் குங்குமம் கொடுத்து, வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ரவிக்கைத்துணி எல்லாம் வைத்த தட்டை நீட்டினாள். தாம்பூலத்தில் மற்றவர்களுக்கெல்லாம் இருபத்தைந்து சென்ட் குவாட்டர் காசு வைத்தவள், ஆன்ட்டிக்கு மட்டும் வெற்றிலை நடுவில் அந்தப் பென்னியை வைத்திருந்தாள்.

"அட, இது நான் குடுத்ததுல்ல?" என்றார் ஆன்ட்டி.

"ஆமா ஆன்ட்டி. தாம்பூலக் காசு, செலவு பண்ணிடாதீங்க. சாமி அலமாரியில அம்பாள் முன்னாடி வைங்க. டெய்லி அங்கிள் கும்பிடறப்ப கண்ணுல படணும்."

ஆன்ட்டி காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முந்தானையில் முடிந்தார். தாம்பூலத்தை யாராவது திருப்பித் தருவார்களா? அங்கிளின் வட்டிப் பாடம் பாதியில் நின்றது. மெதுவாகத் தலையைத் தூக்கி மரகதத்தைப் பார்த்தார். அந்தச் சொம்பு எது என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

மரகதம் கரண்டியோடு அவர் பக்கம் போனாள்.

"ரொம்ப காமன்தான் அங்கிள். ஆனா கீப் பண்ணலாம்" என்று சொல்லி, அவர் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி சுண்டல் போட்டாள்.