ஓட்டு வீட்டுக்குப் பதினாறு மூட்டை

ஒரு வீடு வாங்க எவ்வளவு வருமானம் வேண்டும் என்று நான் கணக்குப் போட்டது ஐந்தாம் வகுப்பில். அதற்கு மேல் நான் அதிகம் படிக்கவில்லை. அம்மன் புண்ணியத்தில் குடும்பம், பிள்ளைகள் என்று காலம் ஓடிவிட்டது. அந்தக் கணக்கில் மட்டும் ஓர் எண்கூட மறக்கவில்லை.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா மிராசுதாரின் நிலத்தில் ஆறு மாவைக் குத்தகைக்குச் செய்துவந்தார். இரண்டு ஏக்கர்தான். நாங்கள் இருந்தது கூரை வீடு. ஐப்பசி மழையில் மண்சுவர் ஊறிப்போகும். அம்மாவுக்கு இளைப்பு வந்து, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே விடியும்வரை மூச்சு வாங்குவாள். இந்த ஈரத்தில் இருந்தால் இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்குவதே கஷ்டம் என்று டாக்டர் அப்பாவிடம் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மிராசுதார், தம் தெருக்கோடியில் இருந்த ஓட்டு வீட்டை அப்பாவுக்குத் தருவதாகச் சொன்னார். விலை எட்டாயிரம். பத்து வருடத்தில் கட்டித் தீர்த்தால் போதும். எங்களுக்கு அது அரண்மனை விலை.

அப்பாவுக்குக் கூட்டத் தெரியும், வகுக்கத் தெரியாது. சிலேட்டோடு என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார்.

"வருஷத்துக்கு எவ்வளவு கட்டணும், பாரு பாப்பா."

"எண்ணூறு."

"மூட்டை அம்பது ரூவான்னு வச்சுக்க. எத்தனை மூட்டை மிஞ்சணும்?"

"பதினாறுப்பா."

குறுவையும் தாளடியும், இரண்டு போகமும் சேர்த்து எழுபத்திரண்டு மூட்டை விளையும். குத்தகை, கூலி, உரம், வீட்டுச் சாப்பாடு என்று அப்பா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கழித்துக்கொண்டே வந்தேன். பதினேழு நின்றது.

"ஒரு மூட்டை கூடவே இருக்குப்பா!"

"அது அம்மனுக்கு" என்றார் அப்பா.

"ஏண்டி, மேட்டூர்ல தண்ணி தொறக்குறவன் ஒன் சிலேட்டப் பாத்துதான் தொறப்பானா?" என்று அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நிற்க வெகுநேரம் ஆயிற்று.

வீட்டுக்கு முன்பணம் வேண்டாம் என்றார் மிராசுதார். அதற்குப் பதில் அவர் கேட்டது ஒரு கையெழுத்து. குத்தகைக்காரனை இஷ்டத்துக்கு வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்திருந்த காலம் அது. அப்பா தாமாகவே குத்தகையை விட்டுவிட்டதாக ஒரு காகிதம் வேண்டுமாம்.

"பேருக்குத்தாம்ப்பா. நெல உச்சவரம்புன்னு ஆபீசர் வந்து நின்னா காட்டணும்ல? நெலத்துல நீதானே உழப்போற."

விஷயம் கேள்விப்பட்டு, விவசாயிகள் சங்கத்தில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, சைக்கிளில் ஓடிவந்தார்.

"அத்தான், தாலுகா ஆபீசுல போயி குத்தகைப் பேரப் பதிஞ்சுக்குங்க. அந்தக் காயிதத்துல கைய வச்சீங்க, கதை முடிஞ்சுது."

"ஒன் சங்கமாடா எனக்கு வீடு தரப்போவுது? சாமி இல்லேங்கிற கூட்டத்தோட சேந்து சேந்து ஒனக்கு மனுசனையும் நம்பத் தெரியல."

கோயிலில் வைத்துத்தான் எல்லாம் நடந்தது. காகிதம் அம்மன் காலடியில் இருந்தது. மிராசுதார் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நெலமும் ஒன்கிட்டதான், வீடும் ஒனக்குத்தான்" என்றார். சூடத்துக்கு முன் சொன்ன சொல்லுக்கு மேல் பத்திரம் கேட்பது எங்கள் பக்கத்தில் அபசாரம். அப்பா கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, குங்குமம் வாங்கிக்கொண்டு வந்தார்.

ஆவணியில் பால் காய்ச்சிக் குடிபோனோம். அந்த ஐப்பசியில் அம்மா படுத்துத் தூங்கினாள். அவள் ஆயுசில் அப்படித் தூங்கிய மழைக்காலம் அது ஒன்றுதான்.

குறுவை அறுத்தபின் தாளடிக்கு உழப் போன அப்பா, போன வேகத்திலேயே திரும்பிவந்தார். வயலில் வேறு ஏர்கள் ஓடிக்கொண்டிருந்தன. மிராசுதார் அந்த ஆறு மாவையும் ஒரு வியாபாரிக்கு விற்றிருந்தார்.

"சாமி முன்னால சொன்னீங்களேய்யா?"

"சொன்னேன். அப்ப நெலம் என்னுது. இப்ப என்னுது இல்லியே. வீட்டுக்குத் தவணைய மட்டும் தை முடியிறதுக்குள்ள கொண்டாந்துடு. இல்லேன்னா வீட்டக் காலி பண்ணிடணும்."

இதெல்லாம் மாமா பின்னாளில் சொல்லி நான் தெரிந்துகொண்டது. அன்று என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வயலில் உழுகிறவர்கள் அப்பா அமர்த்திய ஆட்கள் என்றே நினைத்திருந்தேன். அப்பா ஊர் ஊராகக் கூலிக்குப் போனது தெரியாது. எண்ணூறு ரூபாய் என்ற பேச்சு வந்தால் அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்துவிடுவது மட்டும் கண்ணில் பட்டது.

என்னால் ஆனதைச் செய்தேன். மார்கழி முழுவதும் விடியலில் வாய்க்காலில் குளித்து, ஈரப் பாவாடையோடு கோயிலைச் சுற்றி வந்தேன். 'தாயே, அந்த ஆறு மாவும் நல்லா வெளையணும்.' வேறெதுவும் கேட்கவில்லை.

அம்மன் என் சொல்லைத் தட்டவில்லை. தை கடைசியில் அந்த ஆறு மாவில் கதிர் சாய்ந்து கிடந்ததைப் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். நான் மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடினேன். அம்மா பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா கதவைப் பிடித்தபடி நின்றார்.

"அம்மா, நான் வேண்டிக்கிட்ட மாதிரியே வெளஞ்சிருக்கு! பதினாறு இல்லம்மா, இருவது மூட்டை மிஞ்சும்!"

என் மேல் அதுவரை கை வைக்காத அம்மா, அன்று கன்னத்தில் அறைந்தாள். அடித்த கையாலேயே என்னை இழுத்து மடியில் புதைத்துக்கொண்டு, இளைக்க இளைக்க அழுதாள்.

சாமி கொடுத்ததைச் சொன்னதற்கு எதற்கு அடி என்று எனக்கு விளங்கவில்லை. இருபது என்றது தப்போ என்று, அவள் மடியிலிருந்தபடியே விரல் விட்டு மறுபடியும் எண்ணத் தொடங்கினேன்.