கண்ணீரா, தடிமனா?

பெப்ரவரி 9. வழமைபோல் விடிய முற்றம் கூட்டி, கிற்றார்க் கம்பிகளைத் துடைத்துவிட்டு, மல்லாவியில் பாடுவதற்காகப் பஸ் ஏறினேன்.

இருபது வயதில் என்னை வேண்டாமென்று சொன்னவள், அன்றே பஸ் யன்னலோரம் கண்ணீர் துடைத்தபடி போனாள். அதைப் பாட்டாக்கினேன். எனக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்தப் பாட்டுத்தான். இப்போது கலியாண வீடுகளிலும் அதைத்தான் கேட்கிறார்கள்.

மல்லாவியில் பாடி முடிய, அவளே கணவரோடு மேடையடிக்கு வந்தாள்.

"பாட்டு நல்லாயிருக்கு. ஆனா நான் அண்டைக்கு அழேல்லை. எனக்குத் தடிமன், மூக்கும் கண்ணும் ஓடினது."

"ஓம் அண்ணை, இவாவுக்கு இப்பவும் பஸ் தூசி ஒத்துவராது," என்றார் கணவர்.

பிழையென்று தெரிந்தபின் எப்படிப் பாடுவது?

மறுநாள் எழும்பியதும் முதல் வேலையாக, கண்ணீர் வந்த இடத்தில் தடிமனை வைத்துப் பாடிப் பார்த்தேன். தாளம் கொஞ்சமும் இடறவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது. கண்ணீரையே திரும்ப வைத்தேன்.