ஸ்டிக்கர் இல்லாத பாட்டில்

காரைக்குடி நாட்டுமருந்துக் கடையில் அன்னக்கிளி வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம். பத்தாவதோடு படிப்பு நின்றாலும், வெளிநாட்டுக்குப் போகும் பொட்டலங்களுக்காக ஆங்கிலப் பெயர்களை நெட்டுருப் போட்டிருந்தாள். கடுக்காய் என்றால் மைரோபாலன். அரத்தை என்றால் லெஸ்ஸர் கலங்கல்.

வசம்புப் பொடி இருந்த பாட்டிலுக்கு மட்டும் எந்த மொழியிலும் ஸ்டிக்கர் கிடையாது. வசம்பின் பெயரைச் சொன்னாலே அதன் குணம் போய்விடும் என்பது முதலாளி மெய்யம்மை ஆச்சியின் நம்பிக்கை. கடையில் அது வெறும் ‘பிள்ளைவளர்ப்பான்’.

அன்று காலை அலமாரியைத் துடைத்துப் பாட்டில்களைத் திருப்பி அடுக்கியபோது அரத்தைப் பொடியின் ஸ்டிக்கரும் ஈரத்தில் கழன்று விழுந்தது. துபாய் விமானத்துக்காகத் திருச்சி கிளம்பிய மானகிரி ஊர்க்காரி பெல்சி, மூன்று வயது மகளின் இருமலுக்கு அரத்தை கேட்டு அவசரப்படுத்தினாள். அன்னக்கிளி எதையும் மோந்து பார்த்துத்தான் கட்டுவாள். மூன்று நாளாகச் சளி, மூக்கு அடைப்பு. கை பழகிய இடத்திலிருந்து பாட்டிலை எடுத்துப் பொட்டலம் கட்டி லெஸ்ஸர் கலங்கல் ஸ்டிக்கரும் ஒட்டிக் கொடுத்தாள்.

நாலு மணிக்குத் திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து பெல்சியின் போன்.

“அக்கா, தேன்ல குழைச்சு ரெண்டு ஸ்பூன் குடுத்தேன். ஓயாம வாந்தி எடுக்குறா, கண்ணு சொருகுது. லெஸ்ஸர் கலங்கலுக்கு இப்பிடி வராதேங்குறாரு டாக்டரு. அரத்தைதான குடுத்தீக?”

“இரு தாயி, பாத்துட்டுக் கூப்பிடுறேன்.”

அதே பாட்டிலிலிருந்து ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தாள். அரத்தையின் காரம் இல்லை; சுரீரென்று கசந்தது, பிள்ளைவளர்ப்பான். பாட்டிலை ஆச்சியிடம் நீட்டினாள்.

“வாயைத் தொறக்காதடி,” என்றாள் ஆச்சி. “அரத்தைன்னே இருக்கட்டும். பிள்ளைவளர்ப்பான் பிள்ளையை என்ன செஞ்சுரும்?”

“உரசி நாக்குல தடவுனா வளக்கும் ஆச்சி. ரெண்டு ஸ்பூன் குடுத்தா?”

“போலீசு வந்தா நீயா நிப்ப?”

“நாந்தான நிக்கணும். நீங்களா நிக்கப்போறீக?”

இரண்டு முறை போன் தப்பு எண்ணுக்குப் போனது. மூன்றாவதில் பெல்சி எடுத்தாள். போனை டாக்டரிடம் கொடுக்கச் சொன்னாள் அன்னக்கிளி.

“சார், அது வசம்பு. ஸ்வீட் ஃப்ளாக். ரெண்டு ஸ்பூன் போயிருக்கு. நாந்தான் மாத்திக் கட்டிட்டேன்.”

எதிர்முனையில் யாரையோ அதட்டிக் கூப்பிடும் குரல். லைன் துண்டானது.

கடைக்கு ஆட்கள் வந்தார்கள், சீரகம் கேட்டார்கள். அன்னக்கிளி எதையும் தொடவில்லை. ஆச்சியே நிறுத்துக் கொடுத்தாள். போலீசை மறந்துவிட்டாள் அன்னக்கிளி. அந்தச் சொருகிய கண்தான் எதிரே நின்றது.

ஆறு மணிக்குப் பெல்சி பேசினாள்.

“கண்ணு முழிச்சுட்டா, தண்ணி கேக்குறா. விடிய விடிய வச்சுப் பாக்கணுமாம். உங்கள நம்பித்தானக்கா வாங்குனேன்?”

பெல்சியே வைக்கிற வரைக்கும் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள் அன்னக்கிளி.