மேலே கொஞ்சம் இடம் விடும்

அமிர்தண்ணையின் மனைவி றெஜினா அக்காவின் தொலைபேசி வந்தபோது, பாடனில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் கரட் சீவிக்கொண்டிருந்தேன். "உம்மடை அண்ணை எங்களை விட்டிட்டுப் போயிட்டார், பிள்ளை" என்றார். காலை வேலைக்குப் போகச் சப்பாத்துப் போடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாராம். "விசர்க்கதை கதையாதேங்கோ அக்கா, போன ஞாயிறும் என்னை ஏசினவர்" என்று கத்தினேன். செத்த வீட்டுக்காரியிடம் சொல்லக்கூடிய சொல்லா அது? றெஜினா அக்கா கோபிக்கவில்லை. படம் கீறும்போது அழிரப்பர் பாவித்ததற்காக அண்ணை என்னை ஏசியது அவருக்கும் தெரிந்திருந்தது.

டீட்டிகோன் தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் ஞாயிறு தோறும் அவரிடம் படம் கீறப் பழகிய உங்களுக்கு அமிர்தநாதர் மாஸ்டரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அவர் மாஸ்டராவதற்கு முன்பு யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் விளம்பரப் படம் கீறியவர் என்பது உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். சவர்க்கார உறை, நல்லெண்ணெய்ப் போத்தல், சேலைக்கடை நாட்காட்டி எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. அகதியாக இங்கே வந்த பிறகு ஒரு பொருட்கிடங்கில் பெட்டி அடுக்கினார். கீறுவதை விட்டுவிட்டதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நத்தாருக்குப் பங்குத் தந்தை வற்புறுத்தி, குடிலுக்குப் பின்னால் தொங்கவிட ஒரு படம் கேட்டார். கீழே பாலன், மாடு, இடையர்கள் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மேலே மூன்றில் ஒரு பங்கு வெறும் வெள்ளை.

"நட்சத்திரம் எங்கை, அமிர்தநாதர்?"

அண்ணை தலையைச் சொறிந்தார். "மன்னிக்கோணும் ஃபாதர். கை தன்ரை பாட்டிலை கடைப் பேருக்கு இடம் விட்டிட்டுது."

கோயில் முழுக்கச் சிரித்தது. நானுந்தான். "படம் எவ்வளவு வடிவா இருந்தாலும் முதலாளி தேடுறது தன்ரை பேரைத்தான்" என்று பிறகு எனக்கு விளக்கம் சொன்னார்.

அந்த மாரியில்தான் என் மகள் நிரோஜாவின் பாடசாலையில் குடும்பப் படம் கொண்டுவரச் சொன்னார்கள். அவளுக்கு ஒரு வயதாக இருந்தபோது ஷெல் விழுந்து அவள் அப்பா போய்விட்டார். அடையாள அட்டையும் அவரோடு போனது. ஊரை விட்டு ஓடிக் கிளாலியில் படகேறும்போது, கலியாண ஆல்பம் இருந்த பெட்டி தண்ணீரில் விழுந்தது. சொந்தக்காரருக்கெல்லாம் எழுதிக் கேட்டேன். ஒருவரிடமும் ஒரு படமும் மிஞ்சவில்லை.

"அப்பா எப்பிடி இருப்பார்?" என்றாள் நிரோஜா.

"நல்ல வடிவு."

"வடிவெண்டால் எப்பிடி?"

 அந்த முகத்தை நானும் மறந்துகொண்டிருக்கிறேன் என்பது அன்றுதான் தெரிந்தது. 

அமிர்தண்ணையிடம் ஓடினேன். நான் சொல்லச் சொல்லக் கீறினார். அரை மணித்தியாலத்தில் முடிந்தது. அலை அலையாக வாரிய தலை, அளந்து வெட்டிய மீசை, பளிச்சென்ற பல்வரிசை.

"ஆரண்ணை இந்தாள்?" என்றேன். "இவர் வந்து மணியடிச்சால் நான் கதவு திறக்க மாட்டன்!"

எனக்கு வாய் கொஞ்சம் நீளந்தான். வேறொருவர் என்றால் கோபித்திருப்பார். அண்ணை தாளை எடுத்துப் பார்த்தார், கிழித்தார்.

"இருவது வருசமா ஒருத்தரையும் பாக்காமல் முகம் கீறினனான், பிள்ளை. வடிவா இருந்தால் காணும் எண்டிச்சினம். உம்மடை மனுசனை நான் காணேல்லை. கண்டது நீர். நீர்தான் கீறோணும்."

"எனக்குக் கோலம்கூட நேரா வராது."

"வராட்டில் கோணலா வரட்டும். நான் பக்கத்திலை இருக்கிறன்."

அவருடைய முதல் மாணவி இப்படித்தான் சேர்ந்தாள். கிடங்கில் எறியும் அட்டைகளைக் கொண்டுவருவார், அவற்றின் பின்பக்கத்தில் கீறுவேன். ஞாயிறு பூசை முடிய, கீழ்மண்டபத்தில் நாங்கள் படும் பாட்டை வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் பிறகு நீங்களெல்லாம் ஆனீர்கள்.

நானோ முகத்தோடு மல்லுக்கட்டினேன். கண் வந்தால் மூக்கு வராது. அழித்தால் அவருக்குப் பிடிக்காது. "அழியாதையும். பக்கத்திலை இன்னொருக்காக் கீறும். பிழைச்சதும் அங்கை கிடக்கட்டும்" என்பார். ஒருநாள் பென்சிலை எறிந்துவிட்டு எழும்பினேன்.

"இரும்" என்றார். "அவரிலை நீர் என்னத்தை நல்லாப் பாத்தனீர்?"

யோசிக்கவே தேவைப்படவில்லை. "பிடரி. ஆறு வருசம் சைக்கிள் கரியரிலை இருந்து அதைத்தானே பாத்தனான்."

"அப்ப அதைக் கீறுமன். முகத்தை ஏன் பிடிச்சுக்கொண்டு அழுறீர்?"

அந்த மாரி முழுக்கப் பிடரி கீறினேன். நானே பிரித்து மறுபக்கம் திருப்பித் தைத்த சேட்டுக் கொலர். கொலர் ஓரத்து வியர்வைக் கோடு. வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும் இடது காது. அந்தக் காது சரியாக வந்த ஞாயிற்றுக்கிழமை நான் குழறி அழுதேன். இவர்தான், வேறு ஆருமில்லை.

முழுப் படத்தையும் பெரிய அட்டையில் கீறத் தொடங்கியபோது அண்ணை எட்டிப் பார்த்தார். "ஆளைக் கீழை இறக்கும். மேலை கொஞ்சம் இடம் விடும்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "என்ரை மனுசன் என்ன சீலைக்கடையோ, மேலை பேர் போட?"

"பேருக்கில்லை, பிள்ளை. ஆள் சைக்கிளிலையெல்லோ போறார். போறதுக்கு றோட்டு வேணும்."

வீட்டில் நிரோஜா அதைக் கனநேரம் பார்த்தாள். மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், மேலே விட்டிருந்த இடத்தில் மெழுகுப் பென்சிலால் கீறிய ஒரு சிறுமி அவரைப் பார்த்தபடி நிற்கிறாள். சிவப்புப் பாடசாலைப் பை, தூக்கிய கை. நான்கு மாத வேலை! அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன்.

"அப்பாவுக்கு முகம் இருக்கம்மா" என்றாள் அவள். "நான் நிக்கிற இடத்திலையிருந்து பாத்தால் தெரியும்."

ஓங்கிய கையால் அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். பிந்தினாலும் அந்தப் படந்தான் பாடசாலைக்குப் போனது.

அமிர்தண்ணையிடம் காட்டியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் விட்ட இடத்திலையெல்லாம் கடைப் பேர்தான் வந்தது. முதல் தரம் ஒரு ஆள் வந்து நிக்குது" என்றார். அதற்குப் பிறகு கீறுவதை விட்டுவிட்டதாக அவர் சொல்லி நான் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்த ஞாயிறு மண்டபத்தைத் திறப்பதா என்று தயங்கினோம். றெஜினா அக்காதான் திறப்போடு வந்தார், அண்ணை சேர்த்து வைத்திருந்த அட்டைக் கட்டையும் தூக்கிக்கொண்டு. "வீட்டிலை வச்சு நான் என்ன செய்ய?" என்றார். கொஞ்ச நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்றார். படம் கீறுகிற மாஸ்டரைத் தேடி வந்தாராம். காணாமல் போன தம்பியின் முகம் வேண்டுமாம், ஒரு படமும் இல்லையாம்.

மாஸ்டர் இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் வேறு சொல் வந்தது.

"இருங்கோ. தம்பியிலை நீங்கள் என்னத்தை நல்லாப் பாத்தனீங்கள்?"

கொஞ்சம் யோசித்தார். "அவன் நடக்கிறது. ஒரு தோள் சரிஞ்சு நடப்பான்."

அமிர்தண்ணை எனக்கு விட்டுப் போனது அந்த ஒரு கேள்விதான். அட்டையை அவர் பக்கம் திருப்பி, பென்சிலைக் கையில் கொடுத்தேன். மேலே கொஞ்சம் இடம் விடச் சொன்னேன்.