மேட்டுக் கிடங்கு டியர்மிட்

வாளி நிறையக் கடல்நீரைச் சுமந்துகொண்டு மேடேறி வருகிறார் டியர்மிட். கிடங்கின் கடலைப் பார்த்த மேற்குக் கதவுகளை அகலத் திறந்துவிட்டு, விஸ்கிப் பீப்பாய்களின் மேல் பூச்செடிக்குத் தெளிக்கிற பதத்தில் கையால் அள்ளித் தெளிக்கிறார். யாராவது எட்டிப் பார்த்தால் தரை கழுவுவதாகச் சொல்வார்.

அந்த ஸ்காட்லாந்துக் கடலோர ஊரில் வடிசாலை ஒன்று, கிடங்கு இரண்டு. கீழே, அலை வந்து சுவரை அறைகிற கிடங்குக்கு லாக்லன் பொறுப்பு. மேலே, தேவாலயத்துக்குப் பின்னால் இருப்பதற்கு டியர்மிட். ஒரே பார்லி, ஒரே கொப்பரை. ஆனாலும் கோடை விளையாட்டு விழாவில் ஊருக்கென்று திறக்கும் பீப்பாய் ஆண்டுதோறும் லாக்லனுடையதாகவே இருக்கிறது. டியர்மிட்டுக்கு வயிறு எரிகிறது, வேறென்ன.

லாக்லனின் சரக்கு நாக்கில் பட்டதும் தேன். பிறகு ஆரஞ்சுத் தோலின் கசப்பு, கொஞ்சம் மிளகு. விழுங்கிய பிறகுதான் கடல் வரும். காற்றடிக்கிற நாளில் படகுத்துறையில் நின்றுவிட்டு உதட்டை நக்கினால் கிடைக்குமே, அந்த உப்பு. விழாவில் அதைக் குடித்து ஊரே கண்ணை மூடும். டியர்மிட் மட்டும் யார் யார் மூடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

“அவன் என்னத்தப் பண்ணிட்டான்? கடல் பக்கத்துல உக்காந்திருக்கான், அவ்வளவுதான்” என்பார்.

போன விழாவில் அவர் மனைவி இஷ்பெல் லாக்லனின் சரக்கை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அன்றைக்கு வீட்டில் மீன் சூப்பில் உப்பில்லை என்று டியர்மிட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். “உப்பு வேணும்னா லாக்லன் கிடங்குச் செவத்தப் போய் நக்கிட்டு வா” என்றார் இஷ்பெல். மறுநாளே வாளி மேடேறத் தொடங்கிவிட்டது.

இந்த வசந்தத்தில் ஒரு வழி பிறந்தது. மேட்டுக் கிடங்கின் மிக மூத்த பீப்பாயை முகர்ந்து பார்த்து, நன்றாக இருந்தால் விழாவுக்கு அதையே எடுத்துக்கொள்வதாக வடிசாலை மேலாளர் சொன்னார். அவர் வருவதற்கு முந்தைய நாள் டியர்மிட் அந்தப் பீப்பாயைத் துடைத்தபோது, உப்பு அரித்திருந்த இரும்பு வளையம் பட்டென்று விட்டுப்போனது. பலகை இடுக்கில் விஸ்கி கசிந்தது. டியர்மிட் இரு கைகளாலும் அடைத்துக்கொண்டு நின்றார். ஊரில் பீப்பாய் கட்டத் தெரிந்தவர் லாக்லன் ஒருவர்தான். மதியச் சாப்பாடு கொண்டுவந்த இஷ்பெல் அவரை அழைக்க ஓடினார்.

வளையமும் சுத்தியலும் காய்ந்த கோரையுமாக வந்த லாக்லன் துருவை விரலால் சுரண்டிப் பார்த்தார். “கடல் தண்ணி ஊத்துனியா?”

“காத்துல வந்திருக்கும்.”

லாக்லன் சிரித்திருந்தாலாவது தேவலை. கோரையை இடுக்கில் திணித்து, புது வளையத்தை அடித்து இறக்கினார். கசிவு நின்றது. முழங்கைவரை விஸ்கியில் நனைந்திருந்தவர், அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுபோல உள்ளங்கைகளைத் தேய்த்து மூக்கருகே குவித்தார். குவித்த கை இறங்கவே இல்லை.

“என்னப்பா, எப்படி இருக்கு?” என்றார் டியர்மிட்.

“ம். பரவால்ல.”

“உப்பு?”

“உப்பெல்லாம் இல்ல” என்றார் லாக்லன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. அவர் முகம் சிறுத்திருந்தது. அந்த முகம் டியர்மிட்டுக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்த்து அவர் சவரம் செய்கிற முகம்.

துடைத்துக்கொள்ளத் துணி நீட்டினார். லாக்லன் வாங்கவில்லை. சுத்தியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனவர், பாதி வழியில் நின்றார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் மறுபடி மூக்குக்குக் கொண்டுபோனார்.