அவள் சொன்ன லெக்

வெள்ளிக்கிழமை மகளின் டைரியில் டீச்சர் எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் நெடிலோசையும் குறிலோசையும் இன்னும் தெளிவாக வரவில்லை. பத்துச் சொற்களைச் சொல்லவைத்துப் பதிவுசெய்து திங்களுக்குள் அனுப்பவும். சரியாக வராவிட்டால் விளையாட்டு நேரத்தில் தனிப் பயிற்சி. யுகேஜி படிக்கும் அவள் நாள் முழுவதும் காத்திருப்பதே அந்த நேரத்துக்குத்தான். அது பறிபோனால் காரணம் நானாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. நான் பத்தாவது வரை தமிழ்வழியில் படித்தவள். வீட்டிலும் தமிழ்தான்.

சனிக்கிழமை காலை, வைட்ஃபீல்ட் சாலையின் ஹாரன் சத்தம் விழாமலிருக்கத் துணி அலமாரியைத் திறந்து, சட்டைகளுக்கு நடுவே ஃபோனை வைத்தேன். முதல் சொல் நெக், கழுத்து. சட்டென்று சொன்னாள். அடுத்தது லெக், கால். அதைக் கொஞ்சம் இழுத்தாள்.

"இழுக்காதடி. ரெண்டுமே ஷார்ட் சவுண்டு. நெக் மாதிரியே சொல்லு."

"லெக் அப்டி இல்லம்மா."

"நான் சொல்றேன்ல?"

குறிலுக்கு ஒரு மாத்திரை, அதாவது கண்ணிமைக்கும் நேரம் என்று பள்ளியில் படித்ததை அவளுக்கும் சொன்னேன். ஹாலிலிருந்து கணவர் கேட்டார்: "என்ன, கண்ண சிமிட்டிச் சிமிட்டி அளக்குறியா? விடேன் பாப்பாவ."

விடவில்லை. பதினோரு முறை சொல்லவைத்தேன். கடைசியில் வெட்டினாற்போல் லெக் என்றாள். அதன்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் முன் என் முகத்தைப் பார்த்தாள். குரல் உள்ளே போய்விட்டது.

மதியம் அவள் தூங்கியதும், பதிவிலிருந்து என் அதட்டல்களை வெட்டியெடுக்க உட்கார்ந்தேன். திரையில் ஒவ்வொரு சொல்லும் ஒரு சிறு மேடாகத் தெரிந்தது. அவள் முதலில் சொன்ன லெக், நெக்கைவிட அகலமான மேடு. டீச்சர் மாதிரிக்கு அனுப்பியிருந்த பதிவைத் திறந்தேன். அதிலும் லெக்தான் அகலம். ஃபோனில் ஏதோ கோளாறாக இருக்கும் என்று, அந்த இரண்டு சொற்களையும் நானே சொல்லிப் பதிந்து பார்த்தேன். என் இரண்டு மேடுகளும் ஒரே அளவு.

டீச்சர் இதே ஊரில், தமிழர்கள் நிறைந்த ஆஸ்டின் டவுனில் வளர்ந்தவர். என்னிடம் தமிழில் பேசுவார். மூன்று முறை எழுதி அழித்து ஒருவழியாக மெசேஜ் அனுப்பினேன். பதில் குரலாக வந்தது.

"பாப்பா சொன்னதுதான் கரெக்ட் மேடம். லெக் கடைசியில ஜி, மெத்துனு முடியுது, அதனால முன்னாடி இருக்குற ஷார்ட் சவுண்டு கொஞ்சம் நீளும். நெக் கடைசியில கே, வெடுக்குனு முடியும். இத நாங்க சொல்லித் தர்றதேயில்ல, கேட்டுக் கேட்டு அதுங்களே புடிச்சுக்கும். அவளுக்கு லாங் சவுண்டுக்கு மட்டும் பிராக்டிஸ் குடுங்க, போதும்."

ஷூ லேஸ்கூடக் கட்டத் தெரியாதவள். லிஃப்ட்டிலோ பள்ளி வேனிலோ யாரோ பேசியதிலிருந்து, கண்ணிமைப்பிலும் ஒரு துணுக்கை அந்தக் காது அளந்து எடுத்துவைத்திருக்கிறது. அதைவிட வியப்பு இது: சொல்லின் நடுவில் இருக்கும்போதே, முடிவில் வரப்போவது மெல்லிய ஓசையா வலிய ஓசையா என்று அவள் வாய்க்குத் தெரிகிறது. இன்னும் வராத ஒன்றுக்காக இப்போதே நீள்கிறது. தினமும் அலுவலகத்தில் ஆங்கிலம் பேசும் எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பாதி திறந்து தூங்கும் அந்தச் சின்ன வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாகவும் இருந்தது. இதுபோல் இன்னும் எதையெல்லாம் திருத்தியிருக்கிறேனோ?

அவள் எழுந்ததும் சொன்னேன். "நீ சொன்ன லெக்தான் சரி பாப்பா. அம்மாதான் தப்பு."

"அப்போ ஏன் திட்டுன?"

"தெரியாம திட்டிட்டேன்."

"சாரி சொல்லு."

சொன்னேன். மறுபடி பதிவைத் தொடங்கினோம். நெக் வந்தது. லெக்குக்கு முன் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். எந்த நீளம் வேண்டும் என்று கேட்கிற பார்வை. காலையில் அவளுக்குத் தெரிந்திருந்ததுதான்.

எழுந்து அவளுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"அம்மா பாக்கல. உனக்குத் தோணுறபடி சொல்லு."

பிறகு எனக்குப் பின்னால், தனக்கு வேண்டிய நீளத்தை எடுத்துக்கொண்டு லெக் வந்தது. அடுத்த சொல்லுக்கும் நான் திரும்பவில்லை.