மூன்று இசைத்தட்டில் ஒரு முழுப்படம்

தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் மைக் செட் வாடகைக்கு விடும் கடை ஒன்று இருந்தது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் அங்கிருந்துதான் போகும். எழுபதுகளின் தொடக்கத்தில் கடைக்காரர் இசைத்தட்டும் விற்க ஆரம்பித்திருந்தார். கண்ணாடி அலமாரியின் மேல் தட்டில் அந்தப் பெட்டி நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. தடித்த அட்டை, உள்ளே மூன்று பெரிய இசைத்தட்டுகள், மூடியில் கதாநாயகனும் கதாநாயகியும் ஆளுக்கொரு திசையில் பார்க்கும் படம். பாட்டு மட்டும் இல்லை. வசனம், சிரிப்பு, குதிரைக் குளம்பு, கதவு சாத்தும் சத்தம் உட்பட முழுப்படமும் அதில் பதிவாகியிருந்தது.

ஒரு வாரமாக அதன் முன்னால் போய் நின்றுகொண்டிருந்தேன்.

பெங்களூரில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு முன் நான் அவர்களுக்குத் தங்கவயல் செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபர். வரும் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டி என் அப்பாவுக்கு ஒத்துவந்தால் நான் போகலாம். ஒத்துவராவிட்டால் போக முடியாது. வாங்குவதா வேண்டாமா என்ற கேள்விக்குள் இருந்தது இவ்வளவுதான்.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். முப்பது வருஷத்துக்கு மேல் மைனில், அதாவது தங்கச் சுரங்கத்தில், வேலை பார்த்தவர். பாறைத் தூள் நுரையீரலில் தங்கி, நாலடி நடந்தால் மூச்சு வாங்கும் நிலைக்கு வந்திருந்தார். அக்காவும் அக்கா புருஷனான மாமாவும் இருந்த கம்பெனி வீட்டில்தான் நாங்களும் இருந்தோம். மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை, ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. நைனாவுக்குச் சோறு, மருந்து, வெந்நீர் எல்லாம் அக்காவே பார்த்துக்கொண்டது. என் பங்கு ஒன்றே ஒன்று. விளக்கு வைக்கும் நேரத்தில் அவருக்கு மூச்சு இறுக ஆரம்பிக்கும். இறுகுகிறது என்று தெரிந்ததும் பயம் வரும், பயம் வந்தால் இன்னும் இறுகும். அப்போது யாராவது கதை சொன்னால், கேட்கிற கவனத்தில் பயத்தை மறந்துவிடுவார். மூச்சு தானாக இறங்கி வரும். இதை ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை, தற்செயலாகக் கண்டுபிடித்தோம். எந்தக் கதையும் போதாது, சினிமாக் கதைதான் வேண்டும். நடக்க முடிந்த காலத்தில் ஒரு படத்தையும் விடாதவர். அதனால் நான் படம் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். ஒரு படம் நாலைந்து சாயங்காலம் வரும். அக்காவுக்குக் கதை சொல்ல வராது. "செத்துட்டான், அழுதா, சேந்துக்கினாங்க" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடும்.

இசைத்தட்டு போடும் பிளேயர் ஒன்று வீட்டில் ஏற்கெனவே இருந்தது. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய சட்டைக்காரர் என்று நாங்கள் சொல்லும் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று வீட்டுச் சாமான்களை விற்றபோது மாமா வாங்கி வந்தது. பேட்டரியில் ஓடும். கூடவே வந்த இங்கிலீஷ் டான்ஸ் தட்டுகளை யாரும் போடுவதில்லை.

"வாங்கறதா இருந்தா வாங்கு, இல்லன்னா ஒரு பூமாலை போட்டு கும்புட்டுட்டு போ," என்றார் கடைக்காரர், ஏழாவது நாளோ எட்டாவது நாளோ.

வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்றேன்.

"பொண்ணு பாக்கிற மாதிரியா? சரி, எடுத்துனு போ. கீறல் உழுந்தா தாலி கட்டினதா அர்த்தம்."

எடுத்து வந்தேன். ஆனால் லைனில் எந்த நேரத்தில் போடுவது என்பது எளிதான விஷயம் இல்லை. மூன்று ஷிப்ட் நடக்கிற ஊரில் எப்போதும் ஏதோ ஒரு சுவருக்குப் பின்னால் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அந்த வாரம் ராத்திரி ஷிப்ட். அவர் எழுந்து டீ குடித்த பிறகு, விளக்கு வைக்கும் நேரத்தில் போடுவது என்று முடிவாயிற்று. நைனாவுக்கும் அதுதான் நேரம். மாமா ரெண்டாம் ஷிப்டில் கீழே, சுரங்கத்துக்குள் இருந்தார்.

நான் உள்ளே உட்காரவில்லை. நான் இல்லாமல் அது நடக்கிறதா என்று பார்ப்பதுதானே நோக்கம். தட்டைப் போடவும் திருப்பவும் அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, வாசலில் பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்தேன். தட்டிச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே நைனாவின் மூச்சைக் கேட்க முடியும்.

முதல் பக்கம் ஓடியது. யாரோ குதிரையில் வந்து இறங்கினார்கள்.

"யாரு இப்ப வந்தது?" என்றார் நைனா.

"வில்லன் நைனா. சிரிக்கிறானே தெரியல?" என்றது அக்கா.

"நல்லவனும் சிரிப்பாண்டி."

"இப்படி சிரிக்க மாட்டான்."

மூச்சு விசில் மாதிரி போய் வந்துகொண்டிருந்தது. பாட்டு வந்ததும் கட்டில் சட்டத்தில் விரல் தட்டுவது கேட்டது. சத்தம் கேட்டு லைன் பெண்கள் நாலைந்து பேர் வந்து உள்ளே உட்கார்ந்தார்கள். இரண்டாவது பக்கம் முடிவதற்குள் விசில் நின்றுவிட்டது. நான் அதை இரண்டு மூன்று முறை கவனித்து உறுதி செய்துகொண்டேன். நான் சொல்லும்போது அவ்வளவு சீக்கிரம் நின்றதில்லை.

"இன்னாப்பா, மூஞ்சி இப்படி மலந்துகீது?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"ஒண்ணுமில்ல அண்ணே."

பெங்களூரில் வாடகைக்கு அறை பார்க்க யாரைக் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பக்கத்தில் புயல். கதாநாயகி ஆற்றங்கரையில் தனியாக நிற்கிறாள். காற்று, மழை, இடி. ஒரு இடி முடிந்து அடுத்தது வந்தது. மூன்றாவது இடி நீளமாக, அடியிலிருந்து உருண்டு வந்தது. அலமாரியிலிருந்து ஒரு டம்ளர் விழுந்தது.

"இடிய இன்னாமா பதிச்சிகிறான் பாரு," என்றார் நைனா.

"ஊடே ஆடுது அண்ணே," என்று ஒரு பெண் சிரித்தாள்.

நானும் அது இசைத்தட்டின் இடி என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளாஸில் டீ வட்டம் வட்டமாக அசைந்தது. அப்போது உள்ளே முள் தட்டின் மேல் சறுக்கிக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. புயல் நின்று, எங்கோ தள்ளி இருந்த ஒரு காட்சியில் கதாநாயகனின் குரல் வந்தது. அந்த நொடியில் உள்ளே இருந்தவர்கள், வெளியே இருந்தவர்கள் எல்லாருக்கும் ஒன்றாகப் புரிந்தது.

தங்கவயலில் ஏர் பிளாஸ்ட் என்று சொல்வதற்கும் காற்றுக்கும் சம்பந்தமில்லை. ஆழத்தில் குடைந்த இடத்தைச் சுற்றியிருக்கும் பாறை, பளு தாங்காமல் திடீரென்று வெடிக்கும். மேலே வீடு குலுங்கும். சின்னது அடிக்கடி வரும். வந்தால் யாராக இருந்தாலும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். இன்னொன்று வருகிறதா, சுரங்கத்தில் இறங்கும் ஷாஃப்டில் அபாயச் சங்கு ஊதுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, ஒன்றும் இல்லையென்றால் விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள்கூட ஒரு மாதத்தில் இதற்குப் பழகிவிடுவார்கள். பிறந்ததிலிருந்து அங்கே இருக்கிற நாங்கள், அன்றைக்கு ஏர் பிளாஸ்டைக் கேட்டுவிட்டு ஒலிப்பதிவைப் பாராட்டிக்கொண்டிருந்தோம்.

அக்கா செருப்பில்லாமல் ஓடியது. பெண்கள் எல்லாரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். மாமா கீழே இருந்தார், செய்தியும் அனுப்ப வேண்டியிருந்தது. ஷாஃப்ட் வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. ஆட்களை ஏற்றிய கூண்டு ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் முன்னால் நிற்பவர்கள் முகங்களைப் பார்த்துப் பின்னால் இருப்பவர்களுக்குப் பெயர் சொன்னார்கள். மாமா மூன்றாவது கூண்டில் வந்தார். உடம்பெல்லாம் தூள். "எங்க லெவல்ல இல்ல, கீழ. அங்க ஆளு இல்ல," என்றார். அக்கா அவர் கையைப் பிடித்தது, உடனே விட்டது. தங்கள் ஆளுக்காக இன்னும் காத்திருந்தவர்கள் எதிரே நின்றார்கள்.

உயிர்ச்சேதம் இல்லை. பெங்களூருக்கு நான் அனுப்பிய செய்தி நான்கு வரி. அதில் ஒரு வரி வெட்டப்பட்டு வந்தது.

மாமாவைப் பார்த்ததும், செய்தி அனுப்பும் முன்பே, நான் வீட்டுக்குத் திரும்பினேன். லைன் திரும்பும் இடத்திலேயே அந்தக் குரல் கேட்டது. முள் ஒரு கோட்டில் மாட்டிக்கொண்டு, கதாநாயகன் ஒரே அரை வாக்கியத்தை மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தான். "உனக்காகத்தான் நான்... உனக்காகத்தான் நான்..." நாங்கள் ஓடியதிலிருந்து அப்படியே இருந்திருக்கிறது. நைனா கட்டிலில் இல்லை. கட்டிலுக்கும் பிளேயருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை நீட்டியபடி இருந்தது. பிளேயர் ஒரு முழம் தள்ளி இருந்தது. உதடு நீலமாக இருந்தது.

முள்ளைத் தூக்கினேன். அவரைத் தூக்கிக் கட்டிலில் சாய்த்தேன்.

"மாமா மேல வந்துட்டாரு நைனா. ஒண்ணும் இல்ல."

தலையாட்டினார். பேச வெகு நேரம் ஆயிற்று.

"சங்கு ஊதிச்சா?"

"ஊதல."

"ஊதியிருந்தாலும் எனக்கு கேட்டிருக்காது."

மறுநாள் காலையில் இசைத்தட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார். நான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பொருளின் மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. பதிவு துல்லியம், மூச்சு இறங்கியது உண்மை. நடந்தது தினமும் நடக்கக் கூடியது அல்ல. திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. வேறு விதமாகச் சொன்னேன்.

"அக்கா கூடவே இருக்கும் நைனா. ஏதாவது சத்தம் கேட்டா முள்ள எடுத்துடும்."

"அவ ஓடிட்டா."

"நேத்து ஓடிச்சு..."

"ஓடத்தான் செய்வா. புருஷன் கீழ இருந்தா உக்காந்து முள்ள எடுப்பாளா? நீயும் ஓடின. நானா இருந்தாலும் ஓடியிருப்பேன்." கோபமாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே நிறுத்தி மூச்சு எடுத்துக்கொண்டார். "நீ கதை சொல்றப்போ எழுந்து ஓடினா, கதையும் உன்னோட ஓடிடும். ஊடு கம்முனு ஆயிடும். ஒலகத்துல இன்னா நடக்குதுன்னு நான் படுத்துனே கேட்டுப்பேன். இது ஆளு போனப்புறமும் நின்னுனு பேசுது."

கதவருகே நின்ற அக்கா என்னைப் பார்த்தது. பெங்களூர் விஷயம் அதற்கு மட்டும்தான் தெரியும். "நீ போறதுன்னா போடா, நான் எதனா பேசிக்கினு இருக்கேன் அவர்கிட்ட," என்றது, பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனதும்.

"இன்னா பேசுவ?"

அக்கா ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்தது. "அதான் தெரியல," என்றது.

கடைக்காரர் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மூன்றாவது பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்று குறுக்காகப் போயிருந்தது. ஏர் பிளாஸ்டில் எத்தனையோ வீட்டில் எதெதுவோ உடைந்திருந்தது, அவர் கடையிலும் இரண்டு கண்ணாடி. அந்தக் கோட்டுக்கு அவர் காசு கேட்கவில்லை. மைக் செட்டோடு கல்யாணங்களுக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று உள்ளே வைத்தார்.

"ஏம்பா, சவுண்டு சரியில்லையா?"

"சவுண்டு நல்லா கீது."

"அப்புறம் இன்னா?"

"எங்க ஊட்டுக்கு ஒத்துவரல."

"ஊட்ட மாத்து," என்றார், அடுத்த ஆளைக் கவனித்தபடி.

அங்கிருந்து தபால் ஆபீஸுக்குப் போனேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக இப்போது வர இயலவில்லை என்று ஒரு கார்டில் எழுதிப் போட்டேன். 'இப்போது' என்ற வார்த்தையை எழுதலாமா என்று சிறிது நேரம் நின்றேன். எழுதிவிட்டேன். அந்த இடத்துக்கு ஒரு சேலத்துக்காரரை எடுத்துக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. என் செய்திகளை அவர்தான் வெட்டினார். நன்றாகவே வெட்டினார்.

அன்று சாயங்காலம் விசில் வழக்கமான நேரத்தில் ஆரம்பித்தது. கட்டிலோரம் போய் உட்கார்ந்தேன். பாதியில் நின்ற அந்தப் படத்தைப் புயலிலிருந்து சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"அது வேணாம்," என்றார். "அந்தாளு குரலே வேணாம். வேற சொல்லு."

அந்த வாரம் ஊரில் வேறு புதுப்படம் இல்லை. பழையதெல்லாம் சொல்லி முடித்திருந்தேன். மூச்சு இறுகிக்கொண்டே போனது, யோசிக்க நேரம் இல்லை. நான் ஆரம்பித்தேன். ஒரு ரயில் நிலையம், மழை விட்ட காலை, கையில் ஒரு தகரப் பெட்டியோடு ஒருவன் இறங்குகிறான், அவனை அழைத்துப் போக யாரும் வரவில்லை. அடுத்து என்ன என்று எனக்கே தெரியாமல் அவனை நடக்க வைத்தேன். பெரிய தெரு, மரங்கள், கண்ணாடிக் கதவு போட்ட கட்டடங்கள். நைனா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது இன்னா படம்? பேரே கேட்டதில்லையே."

"புதுசு நைனா."

"எங்க ஓடுது?"

"பெங்களூர்ல."

"நீ எப்ப போன?"

நான் பதில் யோசிப்பதற்குள் அவருக்கு அந்தக் கேள்வி முக்கியமில்லாமல் போய்விட்டது. கண்ணைத் திறக்காமலே கையை அசைத்தார்.

"சரி, சொல்லு. அவன் எங்க போறான்?"